இன்ஜினைப் பிரிக்கும் முன்

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பயிரைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை ஒரு பழைய காரைப் பற்றி எழுதுகிறேன். டிராக்டர், பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் இயந்திரம் என்று பெட்ரோலோ டீசலோ குடிக்கிற ஏதாவது ஒன்று இல்லாத விவசாய வீடு இன்று குறைவு. அவற்றில் எது கிளம்ப மறுத்தாலும் ஏறத்தாழ இதே கதைதான் நடக்கிறது என்பதால் துணிந்து எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது கூரம். கூரத்தாழ்வார் பிறந்த ஊர் என்று வைணவர்கள் தேடி வருவார்கள். எனக்கு அது சம்பா நெல்லும் புகையானும் உள்ள ஊர். தறியும் நிலமும் இரண்டையும் வைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் நிறைய. அப்படி ஒருவர், ஒன்றரை ஏக்கர் சம்பா வைத்திருப்பவர். மார்கழிக் கடைசியில் "தூர்ல பூச்சி தெரியுது சார், ஒரு எட்டு வந்து பாருங்க" என்று போன் செய்தார். வயலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் பளபளவென்று ஒரு அம்பாசிடர் நிற்கிறது. பாலாடை நிறம். புது சீட்டு. அதைச் சுற்றி நின்றவர்கள் முகத்தில்தான் பொலிவு இல்லை.

1974-ஆம் ஆண்டு வண்டி அது. அவருடைய அப்பா பட்டு நூல் வியாபாரம் செய்த காலத்தில் இரண்டாவது கையாக வாங்கியது. அப்பா போன பிறகு 12 வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் என்று முடிவானதும், தாத்தா வண்டியில்தான் பொண்ணு மாப்பிள்ளை வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டு டிங்கரிங், பெயின்ட், ஒயரிங் எல்லாம் முடித்திருக்கிறார். பட்டறையில் இன்ஜின் ஒருமுறை ஓடியிருக்கிறது. பெயின்ட் முடிந்து, கயிறு கட்டி வீட்டுக்கு இழுத்து வந்த நாளிலிருந்து ஓடவில்லை. கல்யாணத்துக்கு 9 நாள்.

"இன்ஜின் ஜாம் ஆயிடுச்சாம் சார். பிரிச்சு ரீபோர் பண்ணணுமாம். 65 ஆயிரம் கேக்கறாங்க" என்றார். கல்யாணச் செலவுக்கு ஒதுக்கியதில் கை வைக்க முடியாது என்பதால் மனைவியின் சங்கிலியைக் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்து நகைக் கடன் எடுக்க மறுநாள் போவதாக இருந்தார். அதற்குள்ளாகவே ஒரு புது பேட்டரி, நான்கு பிளக், ஒரு காயில் மாற்றியாகிவிட்டது. எதற்காக எதை மாற்றினார்கள் என்று கேட்டேன். "எல்லாம் பழசு சார், மாத்திடலாம்னாங்க."

எனக்கு வண்டி வேலை தெரியும் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கல்லூரியில் பண்ணை இயந்திரவியல் ஒரு பாடம். அதைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது, 1990-களில் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலக ஜீப்பை ஓட்டிய டிரைவர். அந்த ஜீப் வாரத்துக்கு ஒருமுறை எங்காவது வயல்வெளியில் நின்றுவிடும். ஒரு சோதனை பல்பும் இரண்டு ஸ்பேனரும் வைத்துக்கொண்டு அவர் பார்ப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவர் எடுத்தவுடன் எதையும் கழற்ற மாட்டார். செல்ஃப் சுற்றுகிறதா, பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று மூன்றே கேள்வி, அதே வரிசையில். முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் இரண்டாவதற்குப் போக மாட்டார்.

சாவியைத் திருப்பச் சொன்னேன். "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இதை வைத்துத்தான் இன்ஜின் ஜாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேட்டரி புதிது, ஹெட்லைட் நன்றாக எரிகிறது, செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை, ஆகவே இன்ஜின் இறுகிவிட்டது என்பது கணக்கு. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது.

அம்பாசிடரில் ஒரு வசதி உண்டு. முன்பக்கம் ஹேண்டில் போட்டுக் கையால் சுற்றலாம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை அடிப்படையாக வைத்து 1950-களின் இறுதியில் வந்த வண்டி. 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை உடல்வாகு பெரிதாக மாறவில்லை. ஹேண்டில் டிக்கியில் கிடந்தது. கியரை நியூட்ரலில் போட்டு, சாவியை எடுத்துவிட்டு, பிளக்குகளைக் கழற்றாமலே சுற்றினேன். (கட்டை விரலை மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கமாக வையுங்கள். இன்ஜின் பின்னுக்கு உதைத்தால் ஹேண்டில் மணிக்கட்டை முறித்துவிடும். அந்தக் காலத்து லாரி டிரைவர்கள் பலருக்கு இந்த அனுபவம் உண்டு.) அரைச் சுற்றுக்கு ஒருமுறை கனத்து, தாண்டி, மறுபடி கனத்தது. இரண்டு முழுச் சுற்றில் நான்கு முறை, நான்கும் ஒரே மாதிரி. நான்கு சிலிண்டரிலும் காற்று அழுந்துகிறது என்று அர்த்தம். ஜாமும் இல்லை, ரீபோருக்கு அவசரமும் இல்லை. 65 ஆயிரம் ரூபாய்க் கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது.

அப்போது அவருடைய பையன், பத்தாம் வகுப்புப் படிக்கிறவன், தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான். "சார், செல்ஃப் அடிக்கும்போது சோக் பட்டன் சுடுது." எப்போதிலிருந்து என்றேன். "வண்டி வந்த அன்னிலேருந்து." ஏன் சொல்லவில்லை என்றேன். "யாரும் கேக்கல." வயலிலும் இப்படித்தான். வரப்பில் நின்று பேசுகிறவருக்குத் தெரியாத சேதி, குனிந்து களை எடுக்கிற அம்மாவுக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்திருக்கும்.

சோக் பட்டன் சுடுவதற்கும் செல்ஃப் சுற்றாததற்கும் என்ன சம்பந்தம்? பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் வழியாக செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது. போன கரண்ட் இன்ஜின் இரும்பு வழியாக, பாடி வழியாகப் பேட்டரியின் இன்னொரு முனைக்குத் திரும்பி வர வேண்டும். இதைத்தான் எர்த் என்கிறோம். ஆனால் இன்ஜின் ரப்பர் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. அதனால் இன்ஜினையும் பாடியையும் இணைக்க ஒரு பின்னல் பட்டை போட்டிருப்பார்கள். அந்த வழி அடைபட்டால், கரண்ட் வேறு எந்த இரும்பு கிடைக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு வரும். டேஷ்போர்டிலிருந்து கார்பரேட்டருக்குப் போகிற சோக் கம்பி அப்படி ஒரு வழி. மெல்லிய கம்பியில் அவ்வளவு கரண்ட் நுழைந்தால் சுடாமல் என்ன செய்யும்?

ஹெட்லைட் மட்டும் எப்படி எரிந்தது என்று கேட்பீர்கள். ஹெட்லைட் பாடியோடு எர்த் ஆகிறது, இந்தப் பட்டையைத் தாண்ட வேண்டியதில்லை. அதோடு ஒரு விளக்குக்குச் சில ஆம்பியர் போதும். செல்ஃப் மோட்டாருக்கு 150 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சொட்டுநீர்க் குழாயில் சொட்டு வருகிறது என்பதற்காக அதன் வழியாக 5 குதிரைத் திறன் பம்புசெட் தண்ணீரை விட முடியுமா?

மல்டிமீட்டர் பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனிடம் கிடைத்தது. சும்மா இருக்கும்போது பேட்டரி 12.6 வோல்ட். முழு சார்ஜ். இதைப் பார்த்துவிட்டுத்தான் எல்லோரும் "கரண்ட் நல்லா இருக்கு" என்று நகர்ந்துவிடுகிறார்கள். வேலை வாங்கும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து, பையனை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குமேல் காட்டக் கூடாத இடத்தில் 7 வோல்ட் காட்டியது. பேட்டரி கொடுத்த வலுவில் பாதிக்கு மேல் திரும்பி வருகிற வழியிலேயே செத்துவிட்டது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. ஜம்பர் கேபிளின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை நேரே இன்ஜின் இரும்பிலும் கடிக்க விடுங்கள். செல்ஃப் சுற்றினால் பழுது எர்த்தில்தான். கேபிள் போட்டதும் அம்பாசிடர் இன்ஜின் விர்ரென்று சுற்றியது. அவருடைய மனைவி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தார்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால் காரணம் கண்ணுக்கு முன்னால் இருந்தது. எர்த் பட்டை புதிது. அது உட்காரும் இடத்தில் பாலாடை நிறப் பெயின்ட் இரண்டு கோட்டாவது இருக்கும். போல்ட்டைப் பெயின்ட் மேலேயே முறுக்கியிருக்கிறார்கள். துருப் பிடிக்கக் கூடாது என்று நல்ல மனதோடு அடித்த பெயின்ட்தான். புதுப்பித்த பழைய வண்டிகளில் இது அடிக்கடி வருகிற வியாதி என்று பிறகு ஒரு பழைய மெக்கானிக்கும் சொன்னார். எமரி பேப்பரால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, போல்ட்டை இறுக்கி, மேலே வாசலின் தடவினோம். 20 நிமிட வேலை.

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வடிவமைப்பு வண்டிகள் சிலவற்றில் நெகட்டிவுக்குப் பதில் பாசிட்டிவ் முனையைப் பாடிக்குக் கொடுத்திருப்பார்கள். பேட்டரி மாற்றும்போது எது பாடிக்குப் போகிறது என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

செல்ஃப் சுற்றியது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. அவர் முகம் மறுபடி வாடிவிட்டது. "ரெண்டு வியாதியா சார்?"

இங்கே கொஞ்சம் நின்று ஒன்று சொல்கிறேன். நம் இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு வருகிற கடிதங்களில் பாதி, "நெல் மஞ்சளாகிறது, என்ன மருந்து அடிக்கலாம்?" என்றுதான் இருக்கும். அடி இலை மஞ்சளா, துளிர் மஞ்சளா என்று இருக்காது. அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துப் பக்கம் பார்ப்பேன். துளிர் வெளுத்தால் இரும்புச்சத்துப் பக்கம். நடவு செய்து இரண்டு மூன்று வாரத்தில் இலையில் துருப்பிடித்தது போலப் புள்ளி வந்தால் துத்தநாகம். வடிகால் இல்லாமல் வேர் மூச்சு முட்டினாலும் மஞ்சள்தான். ஆனால் கடிதம் எனக்கு வருவதற்குள் யூரியா, நுண்ணூட்டம், பூச்சிமருந்து மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடித்திருப்பார்கள். பயிர் தேறினால் எதனால் தேறியது என்று தெரியாது. தேறாவிட்டால் எது பொருந்தவில்லை என்றும் தெரியாது. பேட்டரி, பிளக், காயில் மாற்றியதும் அதே மாதிரிதான். அந்த மூன்றில் ஒன்றுகூடப் பழுதில்லை என்பது அன்று சாயங்காலத்துக்குள் தெரிந்துபோயிற்று.

இரண்டாவது கேள்வி ஸ்பார்க். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் சொருகியிருக்கிற காயில் ஒயரை எடுத்து, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடித்து, இன்ஜின் இரும்புக்கு அரை சென்டிமீட்டர் தள்ளி வைத்து செல்ஃப் அடிக்கச் சொன்னோம். நீலமாக, சடசடவென்று வந்தது. மஞ்சளாக மெலிந்து வந்திருந்தால் உள்ளே பாயிண்ட் தேய்ந்திருக்கிறதா, கண்டன்சர் போய்விட்டதா என்று பார்த்திருப்பேன். பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். வெகுநாள் நின்ற வண்டியில் பாயிண்ட் முகத்தில் ஒரு படலம் படிந்துவிடும், அதைத் துடைத்தாலே பல வண்டிகள் கிளம்பும். இங்கே அந்த வேலை இருக்கவில்லை.

மூன்றாவது பெட்ரோல். நன்றாக செல்ஃப் அடித்தவுடன் ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது. பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்தும் எரியவில்லை. உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. மோந்து பார்த்தாலே தெரியும். உறுதி செய்ய, கார்பரேட்டர் வாயில் ஒரு தேக்கரண்டி பெட்ரோல் விட்டு, பாட்டிலை மூடித் தள்ளி வைத்த பிறகு செல்ஃப் அடித்தோம். இன்ஜின் உறுமி இரண்டு நொடி ஓடி அடங்கியது. (தனியாக இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். செல்ஃப் அடிக்கும்போது முகத்தைக் கார்பரேட்டருக்கு மேலே கொண்டுபோகவும் கூடாது. நெருப்பு திருப்பி அடிக்கும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.) இரண்டு நொடிதான், ஆனால் ஸ்பார்க், டைமிங், இன்ஜின் எல்லாம் சரி என்று அந்த இரண்டு நொடி சொல்லிவிட்டது. பாக்கி, டேங்குக்கும் கார்பரேட்டருக்கும் நடுவில் உள்ள வழி.

கூரத்தில் 7-ஆம் நூற்றாண்டுச் செப்பேடு ஒன்று கிடைத்திருக்கிறது. முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. கோயிலோடு பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், அதற்குப் பாலாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவரும் பெரும்பிடுகு என்ற கால்வாயையும் அது சொல்கிறது. இதை நினைவுபடுத்தி, "ஏரிக்குத் தண்ணி வரலேன்னா நீங்க என்ன அண்ணே செய்வீங்க?" என்று கேட்டேன். "கால்வாய் மேலேயே நடந்து போய்ப் பார்ப்போம்" என்றார். "ஏரியைத் தோண்டுவீங்களா?" சிரித்துவிட்டார். அதே போலக் கார்பரேட்டரிலிருந்து டேங்கை நோக்கி நடந்தோம். கார்பரேட்டருக்கு வரும் டியூப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு செல்ஃப் அடித்தால் சொட்டு இல்லை. பம்புக்கு வரும் டியூப்பைக் கழற்றி வாய்வைத்து ஊதினால், டேங்கில் குமிழி விடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

அப்போதுதான் கேட்டேன், பட்டறையில் ஓடியபோது பெட்ரோல் எங்கிருந்து போனது என்று. பையன்தான் சொன்னான்: பாட்டிலில் ஊற்றி மேலே தொங்கவிட்டார்களாம். அப்படியானால் டேங்க் வழி 12 வருடமாக யாராலும் சோதிக்கப்படவே இல்லை. டேங்குக்கு அருகில் இரும்புக் குழாயை இணைக்கிற ஒரு சாண் ரப்பர் டியூப், வெளியே பார்க்க நன்றாக இருந்தது. கத்தியால் வெட்டினால் உள்ளே ரப்பர் உப்பி, கூழாகி, வழியே இல்லை.

இதில் நமக்குச் சம்பந்தமான செய்தி ஒன்று உண்டு. இன்று பங்கில் வாங்குகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. நம் கரும்பிலிருந்தும், ஆலை மொலாசஸிலிருந்தும், மக்காச்சோளத்திலிருந்தும், அரிசியிலிருந்தும் வருவது. 2030-இல் எட்ட நினைத்த 20 சதவீதத்தை 2025-க்கு முன்கொண்டு வந்தார்கள். படாளம் ஆலைக்குக் கரும்பு வெட்டுகிறவருக்கும், பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவருக்கும் இதனால் சந்தை கூடுகிறது என்பதால் நான் இதற்கு எதிரி இல்லை. ஆனால் அந்தக் காலத்து ரப்பர் டியூப், வாஷர், டயாபிரம் எல்லாம் எத்தனாலை மனதில் வைத்துச் செய்தவை அல்ல. நாள்பட உப்பும், உதிரும். பழைய வண்டிகளில் சில ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. அதோடு எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இன்ஜின் முதலில் உறிஞ்சுவது அடியில் இருப்பதைத்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாதி டேங்க் பெட்ரோலோடு நின்ற வண்டி தையில் கிளம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

டேங்கைக் கழற்றிக் கவிழ்த்ததில் துருவும் பிசினுமாக அரை லிட்டர் வந்தது. காஞ்சிபுரத்தில் எத்தனால் தாங்கும் டியூப் என்று கேட்டு வாங்கி வந்து, டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை இருந்த ரப்பர் எல்லாவற்றையும் மாற்றினார்கள். ஒரு ஃபில்டரும் போட்டார்கள். கார்பரேட்டர் கிண்ணத்தைத் திறந்து கழுவினார்கள். எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். மூன்றாம் நாள் காலையில் பையன் போனில் இன்ஜின் சத்தத்தைக் கேட்க வைத்தான். சங்கிலி அடகுக்குப் போகவில்லை. கல்யாணத்தன்று வண்டி ஓடியது, ஹாரன் மட்டும் அடிக்கவில்லை. அதற்கும் எர்த்தில்தான் பெயின்ட் என்று பிறகு கண்டுபிடித்தான்.

நம் வீட்டு இயந்திரங்களுக்கு வருகிறேன். டிராக்டரில் செல்ஃப் "டக்" என்று நின்றால், பேட்டரி வாங்கக் கடைக்குப் போவதற்குமுன் இரண்டு முனைகளிலும் பூத்திருக்கிற வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவி, எர்த் ஒயர் இன்ஜினில் சேரும் போல்ட்டைக் கழற்றித் தேய்த்து மாட்டிப் பாருங்கள். சேற்றுழவு முடிந்த டிராக்டரில் அந்த இடத்தில் மண்ணும் துருவும்தான் இருக்கும். கொட்டகையில் நின்ற வண்டியானால் எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்று கண்ணால் ஒரு சுற்று பாருங்கள்.

பெட்ரோலில் ஓடும் பவர் ஸ்பிரேயர், களை வெட்டும் இயந்திரங்களை ஒரு பட்டத்துக்குப் பயன்படுத்திவிட்டு அப்படியே மூலையில் வைக்கிறோம். வைப்பதற்குமுன் டேங்கைக் காலி செய்து, தானாக அணைகிற வரை ஓட விடுங்கள். கார்பரேட்டரும் காலியாகிவிடும். ஆயில் கலந்த பெட்ரோலை ஒரு மாதத்துக்கு மேல் கேனில் வைக்காதீர்கள், அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் கலந்தால் போதும். டியூப்பை விரலால் அழுத்திப் பார்த்து, பிசுபிசுவென்றோ முறுக்கென்றோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.

அவருடைய வயலில் புகையான் தூருக்கு ஒன்றிரண்டுதான் இருந்தது. தண்ணீரை வடித்து நான்கு நாள் காயப்போடச் சொன்னேன். மருந்து தேவைப்படவில்லை.